பக்கத்துக் கடை மொட்டைமாடியில் ஆண்டெனா: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதைப் பேசுவது?

நொரியேகா வாசி எழுதியது:

வணக்கம். சான் பிரான்சிஸ்கோவின் சன்செட் பகுதியில், நொரியேகா தெருவை ஒட்டிய அவென்யூ ஒன்றில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் கொல்லைப்புறத்துக்கு அடுத்து, மூலையில், இரண்டு மாடிக் கடைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே மளிகைக் கடையும் சலவைக் கடையும், மேலே ஒரு பல் மருத்துவமனையும் சில அலுவலகங்களும். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒன்பது ஆண்டெனாக்கள் வைக்க ஓர் அலைபேசி நிறுவனம் நிபந்தனை அனுமதி (கருத்துக்கேட்புக்குப் பிறகு, நிபந்தனைகளோடு நகரம் தரும் அனுமதி) கேட்டிருக்கிறது. நகரத் திட்டத் துறையிலிருந்து தபாலில் அறிவிப்பு வந்தது. கட்டடத்தின் முகப்பிலும் பெரிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். திட்ட ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை, சிட்டி ஹாலில்.

வரைபடங்களைத் தரவிறக்கிப் பார்த்தேன். ஆண்டெனாக்கள் காற்றுப்போக்கிக் குழாய் போன்ற போலிக் குழாய்களுக்குள் இருக்கும் என்று போட்டிருக்கிறது. மூன்று திசைகளுக்கு மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு மூன்று எங்கள் பக்கம் பார்க்கிறது. கருவிப் பெட்டிகள் மொட்டைமாடியின் பின்மூலையில், அதுவும் எங்கள் பக்கம்தான்.

இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கடற்கரையிலிருந்து கிழக்கே வர வர நிலம் மேடாகிக்கொண்டே போகும். எங்கள் வீடு அந்தக் கட்டடத்துக்குக் கிழக்கே, மேட்டில். மாடிப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அந்த மொட்டைமாடி கண்ணுக்கு நேராக இருக்கிறது. என் மாமியார் முட்டிவலியால் படி இறங்குவதில்லை. பகல் முழுவதும் அந்த அறையில்தான் இருக்கிறார்.

தெருவில் உள்ளவர்கள் ‘கதிர்வீச்சு வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்களாம். அந்த நேரத்தில் எதைச் சொன்னால் அவர்கள் காதில் விழும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

பூங்காவுக்கு அந்தப் பக்கம் பதில்:

சகோதரி, கதிர்வீச்சைப் பற்றித்தான் பேச வேண்டும். வேறு எதைப் பேசுவது? ஆண்டெனாக் கதிர்வீச்சுக்கு இப்போதுள்ள வரம்பு 1996-இல் வகுத்தது. அப்போது நம்மில் எத்தனை பேரிடம் அலைபேசி இருந்தது? அந்தப் பழைய வரம்பையே தொடரலாம் என்று கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் (FCC) 2019-இல் முடிவு செய்ததை, 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. போதிய விளக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்துத் திட்ட ஆணைய உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் முக்கியம். அரங்கு நிறைய வேண்டும்.

---

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர் பதில்:

நான் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, தீபகற்பத்தில் ஒரு சிறு நகரத்தின் திட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்து, ஆணையத்துக்குப் பரிந்துரை எழுதுவது என் வேலையாக இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணீரோடு பேசிவிட்டுத் தோற்றுப் போனதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை. அதைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை; காரணம் அவ்வளவுதான். எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே எழுதியவருக்கு. 2021 தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த நீதிமன்றம் வரம்பை ரத்து செய்யவில்லை. விளக்கம் கேட்டுத்தான் திருப்பியது. 1996-இன் எண்கள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதே 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் 704-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஆண்டெனா அந்த வரம்புக்குள் இயங்கும்வரை, அதன் கதிர்வீச்சின் விளைவுகளைக் காரணம் காட்டி எந்த நகரமும் மாநிலமும் அதைத் தடுக்கக் கூடாது. ஆணைய உறுப்பினர் ஒருவர் ‘மக்களுக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எதிர்த்து வாக்களிக்கிறேன்’ என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியமே நிறுவனத்தின் வழக்கறிஞருக்குப் போதும். நூறு பேர் கையெழுத்திட்ட மனுவில் கதிர்வீச்சு என்ற ஒன்று மட்டும் இருந்தால், அந்த நூறு கையெழுத்தும் நகரத்தின் கையைக் கட்டும்.

ஆனால், அம்மா, உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான்.

ஆண்டெனாவின் வீச்சு பெரும்பாலும் கிடைமட்டமாக, முன்னோக்கிப் போகும். கீழே மிகக் குறைவாகத்தான் இறங்கும். தெருவில் நடப்பவருக்கும் அதே கட்டடத்தின் கடைக்காரருக்கும் வரும் அளவு வரம்பில் சிறு பங்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஆண்டெனாவுக்கு முன்னால் அதே மொட்டைமாடியில் நிற்பவர். இன்னொன்று, அதே உயரத்தில் எதிரே இருக்கும் ஜன்னல். சமதளத்தில் இரண்டு மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்து இரண்டு மாடி வீட்டின் ஜன்னல் ஆண்டெனாவைவிடத் தாழ்ந்து இருக்கும். மேட்டில் இருக்கும் வீடு அப்படி இல்லை.

நகரம் கதிர்வீச்சுக்காக மறுக்க முடியாது. வரம்புக்குள் இருக்கிறது என்பதை நிரூபித்துக் காட்டு என்று கேட்க முடியும். இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் நிறுவனம் ஒரு பொறியாளரின் கணக்கீட்டு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதை நகரப் பொதுச் சுகாதாரத் துறை பார்க்கும். அந்த அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுங்கள். தரைமட்டத்தில் பொதுமக்களுக்கான வரம்பில் எத்தனை விழுக்காடு, அருகிலுள்ள கட்டடத்தில் எத்தனை விழுக்காடு, ஆண்டெனாவிலிருந்து எத்தனை அடி தூரம்வரை வரம்பு மீறப்படும் என்று அதில் இருக்கும். (வரம்பு என்பது, 1900 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், 700 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதில் பாதி.) ‘அருகிலுள்ள கட்டடம்’ என்று அவர்கள் எதை எடுத்தார்கள், அதன் உயரத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்று பாருங்கள். நில மேட்டைச் சேர்க்காமல் வீட்டின் உயரத்தை மட்டும் எடுத்திருந்தால், உங்கள் ஜன்னலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ‘என் ஜன்னலின் உயரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். இது பயத்தைச் சொல்வது ஆகாது. சட்டம் நகரத்துக்கு விட்டுவைத்திருக்கும் கேள்வி.

பெரும்பாலும் கணக்கு வரம்புக்குள்தான் வரும். வந்தால் உங்கள் மாமியாரிடம் அந்த எண்ணைக் காட்டலாம். வராவிட்டால் அந்த மூன்று ஆண்டெனாக்களின் திசையையோ இடத்தையோ அவர்கள் மாற்றியே ஆக வேண்டும்.

இது போக, நகரத்துக்கு முழு உரிமை உள்ள விஷயங்கள் இருக்கின்றன: இடம், தோற்றம், உயரம், இரைச்சல். கலிஃபோர்னியாவில் தோற்றம் ஒரு செல்லுபடியாகும் காரணம் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிஃபோர்னியா உட்பட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) 2009-இலேயே சொல்லிவிட்டது. கருவிப் பெட்டிகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன். அந்தப் பெட்டிகளைக் குளிர்விக்கும் விசிறிகள் இரவிலும் ஓடும். படுக்கையறைக்கு நேரே இருக்கும் மூலையிலிருந்து அவற்றைத் தெருப்பக்கம் நகர்த்த முடியுமா, அல்லது கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டால், அதற்கு ஆணைய உறுப்பினர் நிறுவனத்தின் பிரதிநிதியைப் பார்த்து ‘முடியுமா?’ என்று அந்த இடத்திலேயே கேட்பார். பல சமயம் ‘முடியும்’ என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்களுக்கு அது பெரிய செலவு இல்லை. யாரும் கேட்காததால்தான் பெட்டி அந்த மூலையிலேயே இருந்துவிடுகிறது.

---

மொட்டைமாடி மெக்கானிக் பதில்:

நான் வணிகக் கட்டடங்களின் ஏசி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். என் வேலையிடமே மொட்டைமாடிதான். அண்டை வீட்டாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த மாடிக்கு ஏறிப் போகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

போலிக் குழாய் தெருவிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது ஆபத்து. உலோகம் அலையைத் தடுக்கும் என்பதால் அதைக் கண்ணாடியிழையில் செய்து, உலோகம் போலவே வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஏணியில் ஏறி மாடியில் கால் வைத்தால் எது கழிவறைக் காற்றுப்போக்கி, எது ஆண்டெனா என்று தெரியாது. நான் பழுதுபார்க்க வேண்டிய இயந்திரம் அந்தக் குழாய்க்கு இரண்டடி முன்னால் இருக்கும். அதன்மேல் சாய்ந்துகொண்டு வேலை பார்த்த ஆட்களை எனக்குத் தெரியும். கூரைக்குத் தார் பூசுபவர்கள், ஜன்னல் துடைப்பவர்கள், விளம்பரப் பலகை மாட்டுபவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். பலர் ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவர்கள்.

அதனால் சகோதரி, கூட்டத்தில் இதையும் கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை மாடி ஏறும் கதவிலும் ஒவ்வொரு குழாயின் அருகிலும் இருக்க வேண்டும். மறைப்புச் சுவருக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் மூன்றிலும் வைக்கச் சொல்கிறார்கள், அது நல்ல விதி. பலகையில் அந்த இடத்தின் அடையாள எண்ணும், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். நான் அழைத்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும். வரம்பு மீறும் தூரம் எவ்வளவோ, அதைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் யாரும் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. வேலை நாளில் பகல் நேரத்தில் வைக்கிறார்கள். யாராவது எங்களுக்காகவும் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

அவுட்டர் சன்செட் பதில்:

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்குள் சிக்னலே வராது. போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது அவசர உதவி எண் 911-ஐ அழைக்க நான் வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது. வீட்டில் தரைவழித் தொலைபேசி இல்லை, இன்று பல வீடுகளில் இல்லை. குடியிருப்பு வீட்டின் மேல் வைப்பதைவிடக் கடைக் கட்டடத்தின் மேல் வைப்பது எவ்வளவோ மேல். எதிர்ப்பவர்கள் எங்கே வைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

நொரியேகா வாசி பதில்:

எல்லோருக்கும் நன்றி. மொட்டைமாடியில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, கட்டாயம் சொல்கிறேன்.

திட்ட அலுவலர் அம்மா, உங்களிடம் சில கேள்விகள். பக்கத்து வீட்டுக்காரர், ‘மற்ற நிறுவனங்களுக்கு இங்கே நல்ல சிக்னல் இருக்கிறது, இந்த ஆண்டெனா தேவையே இல்லை’ என்று வாதிடப் போகிறார். அது எடுபடுமா? ஆணையம் அனுமதித்துவிட்டால் அதற்கு மேல் போக வழி உண்டா? இன்று ஒன்பது என்று சொல்லிவிட்டு நாளை பதினெட்டு வைத்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

---

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர் பதில்:

தேவையே இல்லை என்ற வாதம் உங்கள் ஊரிலேயே ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோல்டன் கேட் பூங்காவுக்கு அந்தப் பக்கம், ரிச்மண்ட் பகுதியில், கியரி பொலிவார்டில் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல் ஆண்டெனா வைக்க மெட்ரோபிசிஎஸ் நிறுவனம் விண்ணப்பித்தது. திட்ட ஆணையம் அனுமதித்தது. குடியிருப்பவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மேற்பார்வையாளர் அவை (நகரத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்) அனுமதியை ரத்து செய்தது. அந்தப் பகுதியில் ஏற்கெனவே போதுமான சேவை இருக்கிறது, எனவே இது அவசியமில்லை என்பது காரணங்களில் ஒன்று. நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2005-இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம், நகரம் எழுத்தில் தந்த முடிவு போதுமானது, அதன் சொந்த விதிகளின்படி ஆதாரமும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அத்துடன் விடவில்லை. நிறுவனங்களுக்கிடையே பாரபட்சம் காட்டப்பட்டதா, இந்த மறுப்பு சேவையையே தடுப்பதாக ஆகிறதா என்ற கேள்விகளைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. சேவையில் இடைவெளி இருக்கிறதா என்பதை அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், மற்றவர்களின் சேவையை வைத்து அல்ல என்றும் சொன்னது. எனவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் நேரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் நல்லது. அவுட்டர் சன்செட் நண்பர் கேட்டதுபோல், ‘இங்கே வேண்டாம், அந்த இன்னொரு வணிகக் கட்டடத்தில் ஏன் பார்க்கவில்லை?’ என்று குறிப்பான ஒரு கட்டடத்தைக் காட்டலாம். வேறு எந்த இடங்களை ஆராய்ந்தார்கள், ஏன் கைவிட்டார்கள் என்ற பகுதி கோப்பில் இருக்கும். பல சமயம் மிக மெலிந்த பகுதி அதுதான்.

மேல்முறையீடு உண்டு. முடிவு வந்த 30 நாட்களுக்குள் மேற்பார்வையாளர் அவைக்குப் போகலாம். ஆனால் 300 அடி தூரத்துக்குள் உள்ள நிலப்பரப்பில் 20 விழுக்காட்டின் உரிமையாளர்கள் கையெழுத்திட வேண்டும், அல்லது ஐந்து மேற்பார்வையாளர்கள் ஒப்பமிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களின் கையெழுத்து முன்பு இந்தக் கணக்கில் வராது; இப்போதைய விதியை அவையின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் ஓடுகிற மனுவில் யார் உரிமையாளர், யார் வாடகைக்கு இருப்பவர் என்று இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். காலக்கெடுவையும் மறக்க வேண்டாம்: ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் வைக்கும் ஆண்டெனாவுக்கு நகரம் 90 நாட்களில் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் 2015-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியச் சட்டப்படி அனுமதி கிடைத்ததாகவே கருதச் சொல்லி நிறுவனம் அறிவிப்பு கொடுக்கலாம். ஆகவே ‘ஒத்திவையுங்கள், ஒத்திவையுங்கள்’ என்று கேட்பது உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும். நிறுவனம் சம்மதித்தால் மட்டுமே கெடு நீளும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஆம், ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியும். 2012-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் 6409-ஆம் பிரிவு, அனுமதி பெற்று நிற்கும் நிலையத்தைப் பெரிய அளவில் மாற்றாத விரிவாக்கத்தை நகரம் மறுக்கவே கூடாது என்கிறது. அதற்கு 60 நாள் கெடு, கருத்துக்கேட்பு இருக்காது. பெரிய மாற்றம் என்றால் என்ன என்பதற்கும் அளவுகள் உண்டு: கட்டடத்தின் மேல் உயரம் 10 விழுக்காடு அல்லது 10 அடி, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், கட்டட விளிம்பிலிருந்து 6 அடிக்கு மேல் வெளியே நீட்டினால், நான்கு கருவிப் பெட்டிகளுக்கு மேல் சேர்த்தால். அதாவது, இப்போது ஆணையம் அனுமதிக்கும் உயரத்துக்கு மேல் இன்னொரு பத்தடி சட்டத்திலேயே உள்ளடங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே விதியில் ஒரு காப்பு இருக்கிறது. மறைப்பு அம்சங்களைக் குலைக்கும் மாற்றம் பெரிய மாற்றமாகக் கருதப்படும். எனவே உங்களுக்குக் கிடைக்கும் நிமிடங்களில் பாதியை இதற்குக் கொடுங்கள். ‘குழாய்கள் இத்தனை அங்குல விட்டம், இத்தனை அடி உயரம், விளிம்பிலிருந்து இத்தனை அடி உள்ளே தள்ளி, கட்டடத்தின் நிறத்தில், இது தோற்றத்தை மறைப்பதற்காக விதிக்கப்படுகிறது’ என்று அனுமதியின் நிபந்தனைகளில் வார்த்தையாகவே எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தில் இருந்தால் போதாது. பின்னாளில் என்னைப் போன்ற ஓர் அலுவலர் மேசையில் அந்த விரிவாக்க விண்ணப்பம் வந்து விழும்போது, அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் நான் ஒப்பமிட நேர்ந்த கோப்புகள் இன்றும் என்னை உறுத்துகின்றன. எனக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை.

உங்கள் நகரத்தின் வழக்கமான நிபந்தனைகளையும் கேட்டு வாங்குங்கள். நிலையம் இயங்கத் தொடங்கிய பத்து நாட்களுக்குள்ளும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வரம்புக்குள்தான் இயங்குகிறது என்று உரிமம் பெற்ற பொறியாளர் சான்றளிக்க வேண்டும். ஆண்டெனாவிலிருந்து 25 அடிக்குள் வீடு இருந்தால் அந்த வீட்டில் அளந்து காட்டவும் வேண்டும். உங்கள் ஜன்னல் 25 அடிக்கு வெளியே இருக்கலாம். இருந்தாலும், மேட்டில் எதிரே இருப்பதால் உங்கள் வீட்டையும் அளவீட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நியாயமான கோரிக்கை, நிறுவனங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

---

நொரியேகா வாசி பதில்:

நேற்றிரவே அறிக்கையைத் தேடி எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது போலவேதான் இருக்கிறது: அருகிலுள்ள வீடு என்று மேற்கே, பள்ளத்தில் இருக்கும் வீட்டைத்தான் எடுத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் கணக்கே இல்லை.

கூட்டத்தில் பேச இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள்:

‘என் வீடு கட்டடத்துக்குக் கிழக்கே மேட்டில் இருக்கிறது. அறிக்கை மேற்குப் பக்க வீட்டை மட்டும் கணக்கிட்டிருக்கிறது. கிழக்கு நோக்கிய மூன்று ஆண்டெனாக்களுக்கு, என் மாடி ஜன்னலின் உயரத்தில் கணக்கிட்டு, முடிவெடுக்கும் முன் கோப்பில் சேர்க்க வேண்டும். கருவிப் பெட்டிகளைத் தென்கிழக்கு மூலையிலிருந்து தெருப்பக்கம் மாற்ற வேண்டும். போலிக் குழாய்களின் அளவும் இடமும் மறைப்பு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். மாடிக்கு வேலைக்கு வருபவர்களுக்காக ஒவ்வொரு குழாயருகிலும் மூன்று மொழிகளில் பலகை வைக்க வேண்டும். இயங்கத் தொடங்கியபின் என் வீட்டிலும் அளந்து காட்ட வேண்டும்.’

மாமியாரும் வருகிறேன் என்கிறார்.

---

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர் பதில்:

நன்றாக இருக்கிறது. கருவிப் பெட்டிகள் எந்த வரைபடத் தாளில் இருக்கின்றன என்று தாள் எண்ணைச் சேருங்கள். உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஜன்னலிலிருந்து மொட்டைமாடி தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, இதே வரிகளோடு அந்தக் கோப்பைப் பார்க்கும் திட்ட அலுவலருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். உறுப்பினர்களுக்குப் போகும் கட்டு கூட்டத்துக்கு முன்பே தயாராகிவிடும். அதில் இது இருக்க வேண்டும். பிறகு வழக்கு என்று வந்தாலும் நீதிபதி பார்ப்பது அந்தக் கோப்பில் இருப்பதைத்தான். புதிய கணக்கீடு கோப்பில் சேர்ந்ததா என்று புதன்கிழமை தொலைபேசியில் கேளுங்கள். சேரவில்லை என்றால், உங்கள் பேச்சின் முதல் வாக்கியம் அதுவாக இருக்கட்டும்.

மாமியாரை அழைத்து வாருங்கள். கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள். அன்று நானும் வருகிறேன்.